கடலிலிருந்து தொண்ணூற்றாறு கிலோமீட்டர்

புயல் கரையைத் தொட இன்னும் பதினொரு மணி நாற்பது நிமிடம் இருந்தது. ஹிகாரால் ஊரிலிருந்து அந்தக் கரை தொண்ணூற்று நான்கு கிலோமீட்டர்.

தெல்மி ஓசெகேரா அதற்குள் ஒரு சவாரி முடித்துவிட்டாள். காலை ஆறு மணிக்கு. ஒரு கட்டில், ஒரு ஆக்சிஜன் உருளை, ஒரு கிளிக்கூண்டு, ஒரு ஆள். எல்லாவற்றையும் தார்ப்பாயால் மூடி, கல்வாரிக் குன்றின் மேல் ஒரு வீட்டில் இறக்கினாள். யாரென்று கேட்டால் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்திருந்தாள். யாரும் கேட்கவில்லை. மலையில் மூன்று நாளாக மழை, ஊரில் இரண்டு நாளாக. தெருவில் ஆளே இல்லை.

ஊருக்குச் செய்தி சொல்வது அவள் பிழைப்பு. பழைய பிக்கப் வண்டி, அதன் கூரையில் இரண்டு குழாய் ஒலிபெருக்கிகள். செருப்புக் கடையில் தள்ளுபடி, காணாமல் போன பன்றி, எரிவாயு உருளை வந்திருக்கிறது என்று எதைக் கொடுத்தாலும் ஊரைச் சுற்றிச் சொல்வாள். சாவு என்றால் மட்டும் முதலில் மோதிர விரலால் மைக்கை மூன்று முறை தட்டுவாள். அந்தத் தட்டு கேட்டால் வீடுகளில் வானொலியை அணைத்துவிடுவார்கள். பிறகு யாருடைய தாய், யாருடைய கணவர், எந்த வீடு, எத்தனை மணிக்கு என்று வரிசையாகச் சொல்ல வேண்டும். அதுதான் முறை.

இரண்டு வருடத்துக்கு முன்பு, தோன் பெருலோ என்ற பெரியவர் இறந்துவிட்டார் என்று மூன்று தட்டுத் தட்டிச் சொன்னாள். தோன் பெருலோ அப்போது முடிதிருத்தும் கடையில் முகமெல்லாம் சோப்புடன் உட்கார்ந்திருந்தார். அன்றிலிருந்து கையெழுத்துப் போட்ட தாளில் இருப்பதை மட்டுமே படிக்கிறாள். ஒரு சொல் கூட்டுவதில்லை. அவளுடைய ஒலிபெருக்கி உரிமத்தை வருடா வருடம் புதுப்பித்துத் தரும் நகராட்சிக்கு இந்தப் பழக்கம் பிடித்துப்போயிற்று. அவசரகாலக் குழுவின் குரலாக அவளையே நியமித்தார்கள்.

ஏழு இருபதுக்கு நகராட்சி மண்டபத்தில் குழு கூடியது. சுவரில் வரைபடம் தொங்கியது. அதை வரைந்தவர் இன்ஜினியர் ஃபாஹார்தோ, தலைநகரிலிருந்து வந்த ஆலோசகர். வடக்கே உள்ள ஒரு துறைமுக நகரத்தின் வெளியேற்றத் திட்டம் பரிசு வாங்கியிருந்தது. ஹிகாராலும் பரிசு வாங்க வேண்டும் என்று குழுத் தலைவர் தோன் லிசாந்த்ரோ புஸ்தீயோ விரும்பினார். ஆகவே இன்ஜினியர் அந்தத் திட்டத்தை வாங்கி, துறைமுகத்தின் பெயர் இருந்த இடத்திலெல்லாம் ஹிகாரால் என்று மாற்றினார். நூற்று நாற்பத்திரண்டு இடங்கள். ஏழு வாரம் பிடித்தது.

திட்டத்தின் முதல் விதி, கடலிலிருந்து எவ்வளவு தூரமோ அவ்வளவு பாதுகாப்பு. அதன்படி ஊரில் கடலுக்கு மிக அருகே இருப்பது கல்வாரிக் குன்று, தொண்ணூற்று மூன்று கிலோமீட்டர். அது சிவப்பு. மிகத் தொலைவில் இருப்பது குயாலே ஆறு வளையும் இடத்தில் கட்டிய விளையாட்டரங்கம், தொண்ணூற்றாறு கிலோமீட்டர். அது பச்சை. போன பெரிய புயலுக்கு முன்பு ஆறு அந்த வழியாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அரங்கத்தின் தரையைத் தோண்டினால் இப்போதும் ஆற்று மணல்தான் வரும். இது வரைபடத்தில் இல்லை.

கரும்பலகையில் ஒரு குமாஸ்தா எழுதினார்: கடல் மட்டம், இயல்பு. மணிக்கொரு முறை துறைமுகத்துக்குத் தொலைபேசி செய்து கேட்டு எழுதுவது அவர் வேலை.

தெல்மி கூட்டத்தில் பேசியதே இல்லை. அன்று கையைப் பாதி தூக்கினாள்.

"என்னம்மா?" என்றார் தோன் லிசாந்த்ரோ.

"ஆறு..." என்றாள் தெல்மி. "அரங்கம் பள்ளத்துல இருக்கே. குன்று உயரம்."

எல்லோரும் இன்ஜினியரைப் பார்த்தார்கள். அவர் கோபப்படவில்லை. இதைப் பல ஊர்களில் கேட்டவர்.

"உயரம் ஒரு அபிப்பிராயம்மா. இவர் உயரம்பார், அவர் அதைவிட உயரம்பார். தூரம் அப்படியில்ல, அளந்தாச்சு. அதுவுமில்லாம உயரத்துக்குன்னு இந்த வரைபடத்துல நிறமே ஒதுக்கல."

"ஒதுக்கியிருக்கலாமே, இன்ஜினியர்."

"மூணு நிறத்துக்குத்தான் நிதி வந்துச்சு."

தோன் லிசாந்த்ரோ தொண்டையைச் செருமினார். "இங்க பாருங்க. திட்டம் தப்பாவே இருக்கட்டும், எல்லாரும் ஒண்ணா நடந்தா அது திட்டம். சரியாவே இருக்கட்டும், ஆளாளுக்கு ஓடினா அது கலவரம். ஹிகாரால்ல கலவரம் நடக்க நான் விடமாட்டேன்."

குழு கைதட்டியது. குன்றுக்குப் போகும் பாதையில் மஞ்சள் நாடா கட்ட ஆட்களை அனுப்பினார்கள்.

அடுத்து முப்பத்தொன்றாம் பக்கம் வந்தது. மீன்பிடிப் படகுகளைக் கரையேற்றிச் சங்கிலியால் கட்ட வேண்டும் என்றது அந்தப் பக்கம். ஹிகாராலில் மீன்பிடிப் படகு கிடையாது. ஆனால் படகுத் துணைக்குழு அமைத்து நான்கு மாதமாகிவிட்டது, ஐந்து பேருக்குத் தொப்பியும் கொடுத்தாயிற்று. அவர்கள் பூங்காக் குளத்தில் இருந்த மிதிபடகைத் தேர்ந்தெடுத்தார்கள். அன்னப்பறவை வடிவில், வெள்ளை நிறத்தில், கழுத்து நீண்ட படகு. எட்டுப் பேர் அதைத் தூக்கிவந்து விளையாட்டரங்கத்தின் முன்புறத்தில் வைத்து, கொடிக்கம்பத்தில் சங்கிலியால் பூட்டினார்கள். பக்கம் முப்பத்தொன்று நிறைவேறியது.

ஒன்பது மணிக்குத் தெல்மி தெருவில் இறங்கினாள். குழு கொடுத்த ஒலிப்பதிவு முதலில் ஓடும், பிறகு அவள் படிக்க வேண்டும். ஒலிப்பதிவில் இருந்தது கப்பல் சங்கு. துறைமுகத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஒலி. ஹிகாராலில் பிள்ளைகள் ஜன்னலுக்கு ஓடிவந்து மாடு எங்கே என்று தேடினார்கள்.

"குடிமக்கள் கடற்கரையை விட்டு விலகி, பச்சை மண்டலத்துக்கு ஒழுங்காகச் செல்லவும்," என்று படித்தாள். "பதிவு செய்தவர்களுக்கு மட்டுமே உணவுப் பை. பதிவு செய்தவர்களுக்கு மட்டுமே பின்னர் கூரைத் தகடு."

கடைசி வரிதான் வேலை செய்தது. போன புயலுக்குப் பின் பட்டியலில் பெயர் இல்லாதவர்கள் ஒன்பது மாதம் பிளாஸ்டிக் விரிப்பின் கீழ் இருந்தார்கள். கதவுகள் திறந்தன. மெத்தையைத் தலையில் வைத்துக்கொண்டு, கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஆட்கள் ஆற்றை நோக்கி நடக்கத் தொடங்கினார்கள். சிலர் அவள் வண்டியின் பின்னாலேயே ஏறிக்கொண்டார்கள். தோன் பெருலோவும் ஏறினார்.

"செத்தவனுக்கு ஒரு இடம் குடு, தெல்மி," என்றார் வழக்கம்போல.

பன்னிரண்டரை மணிக்குப் பாலத்தின் பக்கம் போனாள். மணல் அள்ளும் சிலோ தன் சல்லடையையும் மண்வெட்டியையும் கழுதை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தான். அவன் வேலையை நிறுத்தி அவள் பார்த்ததில்லை.

"என்ன சிலோ, சீக்கிரமே?"

"மணல் எங்க இருக்கு அக்கா, அள்றதுக்கு?" பாலத்தின் தூணைக் காட்டினான். அவன் தானே பெயிண்டில் அளவுக்கோடு போட்டு வைத்திருந்தான். "காலைல நாலு கோடு தெரிஞ்சுது. இப்ப ஒண்ணு. தண்ணி பால் விட்ட காப்பி மாதிரி ஆயிருச்சு. வேரோட மரம் வருது. மரம் வந்தா அதுக்குப் பின்னால தண்ணி மூணு மணி நேரத்துல வரும். எங்கப்பா காலத்துலயும் அப்படித்தான்."

"எந்தப் பக்கம் ஏறும்?"

"அதுக்குப் பழைய வீடு எங்கேன்னு தெரியும் அக்கா. நேரா அரங்கத்துக்குத்தான் போகும்."

அவன் வண்டிக்குள் எட்டிப் பார்த்தான். இருக்கையில் ஒரு பச்சை இறகு கிடந்தது.

"கிளி வாங்கிட்டியா?"

"காத்துல வந்து விழுந்திருக்கும்."

"காத்து நல்லாத்தான் வளத்திருக்கு," என்றான் சிலோ. கழுதையைத் தட்டினான். அது குன்றுப் பக்கம் திரும்பியது.

"அங்க நாடா கட்டியிருக்காங்களே?"

"கழுதைக்குப் படிக்கத் தெரியாது அக்கா."

ஒன்றே காலுக்கு அவள் நகராட்சி மண்டபத்தில் இருந்தாள். இன்ஜினியர் ஃபாஹார்தோ பெட்டியைக் காரில் வைத்துக்கொண்டிருந்தார். ஆலோசகர் பிற்பகல் ஒரு மணிக்கு ஊரை விட்டு வெளியேற வேண்டும் என்பது திட்டத்தின் நான்காம் பக்கம். கால் மணி நேரம் தாமதமாகிவிட்டதால் அவர் பதற்றமாக இருந்தார்.

"குமாஸ்தாகிட்ட சொல்லுங்கம்மா. எல்லாத்துக்கும் படிவம் இருக்கு."

குமாஸ்தா படிவத்தை எடுத்தார். அலை உயரம், ஓதம், கடல் மட்டம், துறைமுகச் சேதம் என்று கட்டங்கள் இருந்தன. ஆறு இல்லை. கடைசியில் "மற்றவை" என்று ஒரு சின்னக் கட்டம்.

"இருபது எழுத்துதான் கொள்ளும்," என்றார் குமாஸ்தா. "சுருக்கமா சொல்லு."

"ஆறு அரங்கத்துக்கு வருது."

அவர் விரல் விட்டு எண்ணி எழுதினார். பிறகு தலையைச் சொறிந்தார். "'மற்றவை'ல எழுதினா அதை மற்றவைத் துணைக்குழு பாக்கணும். அப்படி ஒண்ணு இன்னும் போடல." படிவத்தை ஒரு தட்டில் வைத்தார். தட்டில் வேறு எதுவும் இல்லை. கரும்பலகையில் கடல் மட்டம் இயல்பாகவே இருந்தது.

தோன் லிசாந்த்ரோ தன் அறையில் சட்டை மாற்றிக்கொண்டிருந்தார். மூன்றரைக்கு அரங்கத்தில் பேச்சு இருந்தது. தெல்மி வாசலில் நின்றாள். அவர் கண்ணாடி வழியே அவளைப் பார்த்தார்.

"காலைல செஞ்ச வேலைக்கு நன்றி," என்றார் குரலைத் தாழ்த்தி.

"சிலோ சொல்றான், தண்ணி மூணு மணி நேரத்துல..."

"சிலோ மணல் அள்றவன்."

"உங்களுக்கும் தெரியும் தோன் லிசாந்த்ரோ. தெரிஞ்சதாலதானே காலைல..."

"காலைல நடந்தது வேற, இது வேற." அவர் பொத்தானைத் தப்பான துளையில் போட்டார், அவிழ்த்தார், மறுபடியும் தப்பாகவே போட்டார். "ஒரு மனுஷன் வீட்டுல பயப்படலாம். பதவில பயப்பட முடியாது. இப்பப் போய் நான் குன்றுக்குப் போங்கன்னு சொன்னா என்ன ஆகும்? வரைபடம் தப்புன்னு ஆகும். நாளைக்கு எந்த வரைபடத்தையாவது ஜனங்க நம்புவாங்களா? நான் இன்னிக்கு மட்டும் யோசிக்கல தெல்மி. அடுத்த புயலுக்கும் சேர்த்து யோசிக்கிறேன்."

"அடுத்த புயலுக்கு ஆள் வேணுமே."

அவர் திரும்பினார். அவர் முகம் வெளிறியிருந்தது. "உன் உரிமம் ஜனவரில முடியுது இல்ல?"

அவள் தலையாட்டினாள்.

"கொடுத்ததைப் படி. நீ அதுக்குப் பேர்போனவ."

இரண்டரைக்கு அவள் அரங்கத்துக்குள் போனாள். அறுநூற்றுப் பன்னிரண்டு பேர். கூடைப்பந்துக் கோடுகளுக்கு மேல் மெத்தைகள் விரித்திருந்தன. ஈரத்துணி, காப்பி, கைக்குழந்தை வாசனை. ஒவ்வொரு கையிலும் பச்சை வளையம், வளையத்தில் எண். அவளுடைய தங்கை யாமிலெத் மூன்று பிள்ளைகளுடன் வடக்கு மூலையில் இருந்தாள். கடைசிப் பிள்ளைக்கு ஐந்து மாதம். அதன் கால் அளவுக்கு வளையம் இல்லாததால் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். 388.

"யாமி, எந்திரி. பிள்ளைங்களைத் தூக்கு. குன்றுக்குப் போலாம்."

"குன்றா? நீதானே அக்கா தெருத்தெருவா இங்க வரச்சொன்ன?"

"அது தாள்ல இருந்துச்சு."

"இது எந்தத் தாள்ல இருக்கு?"

தெல்மி குனிந்து மெத்தையைச் சுருட்டத் தொடங்கினாள்.

"போன தடவை பட்டியல்ல பேர் இல்லாம நாம பட்டது போதாதா?" என்றாள் யாமிலெத். "கைல கட்டியாச்சு. இதை அறுத்தா தகடு போச்சு. மேல போய் எந்தக் கூரைக்குக் கீழ படுக்கிறது?"

"தண்ணி வருது யாமி."

"தண்ணி வந்தா தோன் லிசாந்த்ரோ சும்மா இருப்பாரா? அவங்க வீடும் ஆத்தோரத் தெருலதானே இருக்கு. அவரே அசையல."

பக்கத்து மெத்தையில் இருந்தவர்கள் ஆமாம் என்றார்கள். எல்லோரும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தெல்மி இன்னும் நான்கு பேரிடம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். ஒருவர் சிரித்தார். ஒரு பெண், இடத்தைக் காலி செய்ய வைத்துவிட்டு யாருக்குக் கொடுக்கப் போகிறாய் என்று கேட்டாள். இவள் சாவையே தப்பாகச் சொன்னவள்தானே என்றார் மூன்றாமவர். தோன் பெருலோ அதைக் கேட்டுத் தலையை ஆட்டினார்.

கதவருகே காவலரிடம் வெளியேறும் படிவம் கேட்டாள்.

"அச்சடிக்கல," என்றார் காவலர். "இங்க வந்தவங்க ஏன் வெளிய போகணும்? வெளிய புயல்."

மூன்றரைக்குத் தோன் லிசாந்த்ரோ வந்தார். அவருடைய வண்டி முன்புறத்தில், குன்றுச் சாலையைப் பார்த்து நின்றது. ஓட்டுநர் இன்ஜினை அணைக்கவில்லை. மழை கொஞ்சம் விட்டிருந்தது. புயல் கரையைத் தொட இன்னும் மூன்றரை மணி நேரம். அறுநூற்றுப் பன்னிரண்டு பேரையும் எழுந்து நிற்கச் சொன்னார்கள், புகைப்படத்துக்காக. தெல்மியின் வண்டியைக் கதவுக்கு எதிரே நிறுத்தி, அதன் ஒலிபெருக்கியில் அவருக்கு ஒரு மைக் இழுத்துக் கொடுத்திருந்தார்கள். அவள் தன்னுடைய மைக்குடன் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். பேச்சு முடிந்ததும் கப்பல் சங்கை ஒலிக்க வேண்டும்.

"அன்பான ஹிகாரால் மக்களே," என்றார் தோன் லிசாந்த்ரோ. "போன புயல்ல நம்ம ஊர்ல எத்தனை பேர் போனாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் சரியான எண்ணிக்கை இல்ல. நாப்பதுங்கறான், அறுபதுங்கறான். ஏன்? பதிவு இல்ல. அது எனக்கு ராத்திரி தூக்கம் வராத அவமானம். இந்தத் தடவை அப்படியில்ல. ஒவ்வொருத்தர் கைலயும் எண் இருக்கு. கைக்குழந்தைக்கும் இருக்கு. எது நடந்தாலும் சரி, இந்தத் தடவை ஒருத்தர்கூடக் கணக்குல இல்லாமப் போகமாட்டாங்க. இது உறுதி."

கைதட்டல் எழுந்தது. யாமிலெத்தும் தட்டினாள், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு.

தெல்மி கண்ணாடி வழியே முன்புறத்தைப் பார்த்தாள். அரைமணி முன்பு அங்கே குட்டைகள் தேங்கியிருந்தன. இப்போது குட்டைகள் ஒன்றாகச் சேர்ந்திருந்தன. மழைநீர் தெளிவாக இருக்கும். இது பால் விட்ட காப்பி நிறம். கொடிக்கம்பத்தில் பூட்டியிருந்த அன்னம் லேசாக அசைந்தது. ஒரு பக்கம் சாய்ந்து, நிமிர்ந்து, தரையை விட்டு எழுந்தது. சங்கிலி நீளும் வரை மெதுவாகத் திரும்பி, அதன் நீண்ட கழுத்து அரங்கத்தின் கதவைப் பார்த்து நின்றது.

படகுத் துணைக்குழுவைச் சேர்ந்த ஒருவர் அதைக் கவனித்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு, பூட்டை இழுத்துப் பார்த்து, உறுதியாக இருக்கிறது என்று கைகாட்டினார்.

தோன் லிசாந்த்ரோவும் பார்த்துவிட்டார். ஒரு கணம் நின்றார். பிறகு பேச்சின் கடைசிப் பக்கத்தைப் படிக்காமல் மடித்து, பையில் வைத்துக்கொண்டு, தெல்மியைப் பார்த்துச் சங்குக்குச் சைகை செய்தார். ஓட்டுநர் வண்டியின் கதவைத் திறந்து வைத்திருந்தான்.

தெல்மி சங்கை ஒலிக்கவில்லை. ஒலிப்பதிவு கேசட்டைப் பிடுங்கி மடியில் போட்டாள். தோன் லிசாந்த்ரோவின் மைக்கை அணைத்தாள். தன் மைக்கை வாய்க்கு அருகே கொண்டுவந்து, மோதிர விரலால் மூன்று முறை தட்டினாள்.

அரங்கம் அடங்கியது. பெண்கள் பிள்ளைகளின் வாயைப் பொத்தினார்கள். ஆண்கள் தொப்பியை எடுத்தார்கள். யாரென்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தோன் பெருலோ தன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தார். படியில் இறங்கிக்கொண்டிருந்த தோன் லிசாந்த்ரோ ஒரு காலைத் தண்ணீரில் வைத்தபடி நின்றார்.

"தோன் லிசாந்த்ரோ புஸ்தீயோவின் தாயார்," என்றாள் தெல்மி. "மறைந்த தோன் எவாரிஸ்தோவின் மனைவி. ஆற்றோரத் தெரு, நீலக் கதவு வீடு. தோன்யா எர்மெலிந்தா."

சிலர் சிலுவை போட்டுக்கொண்டார்கள். முறைப்படி அடுத்துச் சொல்ல வேண்டியது நேரம்.

"இன்னிக்குக் காலைல ஆறு மணிக்கு," என்றாள். கையில் தாள் இல்லை. "சாகல. அவங்க மகன் சொல்லி, இதே வண்டில, நான்தான் அவங்களைக் குன்று மேல கொண்டுபோய் விட்டேன்."